துடைக்காமல் தோய்த்த தகடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அது பொய். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு இனி பெரிய வேலை எதுவும் பாக்கி இல்லை. போனில் பேசினால் பாதியில் கத்துவேன், மீதியில் அழுவேன், நடுவில் உன் அப்பா வந்து "என்னவாம்?" என்பார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது என்பது இன்னொரு சௌகரியம்.

நீ சொன்னது இதுதான். "அம்மா, ஜப்பான் லேபுல கெடச்ச வேலைய வேணாம்னு எழுதிடறேன். கல்யாணம் ஆனதும் கயலும் நானும் விருத்தாசலத்துக்கே வந்துடறோம். அப்பாவால இனிமே தனியா யூனிட்ட பாத்துக்க முடியாது." பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னால் எந்த அம்மாவுக்கும் வயிறு குளிரும். எனக்கும் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியில் "வாடா ராசா" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் போனை வைத்தேன்.

என் பதிலைச் சொல்வதற்கு, நீ கயலை முதன்முதலாக நம் வீட்டுக்கு அழைத்து வந்த அந்தப் பொங்கலிலிருந்து தொடங்க வேண்டும். "நானும் அங்கேதான் இருந்தேன், எல்லாம் எனக்குத் தெரியும்" என்பாய். தன் முதுகு தனக்குத் தெரியாது தம்பி. அன்று உன் முதுகைப் பார்த்தவள் நான்.

நீ முழுப் பரீட்சை லீவையெல்லாம் பீங்கான் எஸ்டேட்டில் இருக்கிற நம் யூனிட்டில்தான் கழித்தாய். மற்ற பிள்ளைகள் மணிமுத்தாற்று மணலில் கிரிக்கெட் ஆடப் போகும்போது நீ நம்மிடம் வேலை செய்கிற அஞ்சலை பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிடுவாய். டீ கப்பும் ஊறுகாய் ஜாடியும் சூளையில் ஒரு முறை வெந்து, பளபளப்பு இல்லாமல் வெள்ளையாக, நாம் பிஸ்கட் என்கிற பதத்தில் வெளியே வரும். அதை ஈர ஸ்பாஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்து, பளபளப்புக்காக மோர் பதத்தில் கரைத்து வைத்த கிளேஸில் முக்கி எடுத்து, மறுபடியும் சூளைக்கு அனுப்ப வேண்டும். துடைக்கிற வேலை உன்னுடையது. அஞ்சலை எள் என்றால் நீ எண்ணெயாக நிற்பாய். உன் கையில் பட்ட கப்பில் தூசி இருக்காது. "தம்பி தொடச்சா கண்ண மூடிக்கிட்டு முக்கலாம்க்கா" என்று அவள் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் பின்னால் என்னை முச்சந்தியில் நிறுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நீ யுனிவர்சிட்டிக்கு ஆராய்ச்சி படிக்கப் போன புதிதில், என்னதான் படிக்கிறாய் என்று கேட்டேன். சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு விளக்கினாய். ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஒரு பக்கத்தில் கரண்ட் ஓடும். அந்தப் பக்கத்தில் டைட்டானியம் மாவைக் குழைத்து மெல்லிசாகத் தடவி, சூளையில் சுட வேண்டும். மாவோடு சேர்த்த பசை எரிந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொத்தல் ஆகும். அந்தப் பொத்தலுக்குள் சாயம் ஏற வேண்டும். சாயம்தான் வெயிலைப் பிடித்துக் கரண்டாகக் கொடுக்கும். விலை கூடிய சாயம் வெளிநாட்டில் கிடைக்கிறது, உன் வேலை நம் ஊர்ப் பூவிலும் பழத்திலும் இருந்து சாயம் எடுத்து அதை இன்னும் அதிகமாக ஏற வைப்பது. நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம வேலதாண்டா இது. கப்புக்குப் பதிலா கண்ணாடி, கிளேசுக்குப் பதிலா பூச்சாறு. இதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. ரசத்தைக்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்து போனாய். நான் சிரித்தேன். விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையில் பாதிக்கு மேல் நிஜம் இருந்தது, பாதிக்கு மேல் ஆபத்தும் இருந்தது.

அடுத்த வருஷம் நீ லீவில் வரும்போதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மெலிந்துகொண்டே வந்தாய். சாயம் ஏறவில்லை. பக்கத்து மேஜைக்காரர்களின் தகடு கரும் ஊதாவாகிறது, உன்னுடையது பலமுறை துவைத்த சேலை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அதே மாவு, அதே பூ, அதே சூளை. நீ மாவை மாற்றினாய், பூவை மாற்றினாய், ஊறவைக்கிற நேரத்தை மாற்றினாய். எதுவும் நடக்கவில்லை. கோடைக்குள் ஏதாவது காட்டாவிட்டால் உன் உதவித்தொகை நின்றுவிடும் என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார். "அப்படி ஆச்சின்னா வந்துடறேம்மா, யூனிட்ட பாத்துக்கறேன்" என்று அன்றும் இதே பேச்சைத்தான் பேசினாய். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பஜாருக்குப் போய் உனக்குப் புதுக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் சொல்லிவிட்டு வந்தேன். உன் அப்பா டீக்கடையில் எல்லோரிடமும் "பையன் வரான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் குறை சொல்லாதே. பிள்ளை தோற்று வந்தாலும் வீட்டுக்குத்தானே வருகிறான் என்கிற ஆசை பெற்றவர்களுக்கு உண்டு.

அந்தப் பொங்கலுக்கு உங்கள் லேபில் சூளை ரிப்பேர். தகடுகளைப் பஞ்சில் சுற்றி டிபன் டப்பாவில் அடுக்கி எடுத்து வந்தாய், நம் யூனிட்டில் இருக்கிற சின்னக் கரண்ட் சூளையில் சுட்டுக்கொள்ளலாம் என்று. கூடவே ஒரு பெண். பண்ருட்டியில் முந்திரி வியாபாரி மகள், உன் லேபில் உன்னோடு வேலை செய்கிறவள், வீட்டுக்குப் போகிற வழியில் நம் சூளைகளைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றாய். பண்ருட்டிக்குப் போகிற வழியில் விருத்தாசலம் எப்படிடா வரும்? நான் கேட்கவில்லை. உன் காது இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்தேன், அதுவே போதும். அவள் முந்திரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து "ஆன்ட்டி, ஒடச்ச பருப்பு இல்ல, முழுசு" என்றாள். வியாபாரி மகள்தான், சந்தேகமில்லை.

போகிக்கு முந்தின நாள். ஜாடி ஆர்டர் ஒன்று முடிக்க வேண்டியிருந்ததால் யூனிட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. நீ சின்னச் சூளையில் தகடுகளை வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் கயலுக்கு டீ கொடுத்து, கிளேஸ் போடுகிற பக்கம் அழைத்துப் போனேன். அஞ்சலையும் மற்றப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இடது கையில் ஜாடியைப் பிடித்து, வலது கையால் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, மேலிருந்து கீழே ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று. எல்லாருக்கும் ஒரே மாதிரி கை வேலை. அவள் டீயைக் குடிக்காமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக்கூட கொஞ்சம் கர்வமாக இருந்தது, படித்த பெண் நம் வேலையை இப்படிப் பார்க்கிறாளே என்று.

"எதுக்கு ஆன்ட்டி ஈரத்துல தொடைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"தூசி போவத்தான். அது மட்டும் இல்ல, காஞ்ச பிஸ்கட்ட அப்படியே முக்கினா காணாததக் கண்ட மாதிரி கிளேச உறிஞ்சிடும். தடிச்சுப் போயி சூளையில வழிஞ்சி, தட்டோட ஒட்டிக்கும். கொஞ்சம் ஈரத்தக் காட்டினா தாகம் அடங்கிடும், அளவாக் குடிக்கும்" என்றேன்.

"தாகம் அடங்கிடுமா?"

"ஆமாங்கறன்."

அவள் டீ கிளாஸை அங்கேயே ஒரு ஜாடி மேல் வைத்துவிட்டுத் திரும்பி, சூளைப் பக்கம் பார்த்து, "டேய்!" என்று கத்தினாள். கத்திவிட்டு என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அஞ்சலை குனிந்து சிரித்தாள். அந்த ஒரு 'டேய்'யில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜோசியர் வீட்டுக்குப் போகிற வேலை மிச்சம்.

"நீயும் இதையேதான பண்ற! சூளையில இருந்து எடுத்து, நல்லா ஆறவிட்டு, ஈர ஸ்பாஞ்சுல ஒத்தி ஒத்தி எடுத்துட்டுத்தான சாயத்துல போடுவ? லேபுல எல்லாரும் உன்ன சுத்தக்காரன்னு சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ தாகத்த அடக்கிட்டு அப்புறம் குடிக்கச் சொல்ற!" என்றாள்.

நீ சூளை முன்னாலிருந்து எழுந்து வந்தாய். செய்முறையை அவளிடம், பேராசிரியரிடம், என்னிடம்கூட எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், துடைக்கிறதை மட்டும் சொன்னதே இல்லை. மறைக்கவில்லை. அது ஒரு வேலை என்றே உனக்குத் தோன்றவில்லை. சாப்பிடுவதற்கு முன் கை கழுவினேன் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். உன் தொட்டில் அஞ்சலையின் கிளேஸ் தொட்டிப் பக்கத்தில் அல்லவா இருந்தது.

ஆனால் அப்போது எனக்கு வந்தது கோபம். வீட்டுக்கு வந்த பெண் வந்ததும் வராததுமாக நம் வழக்கத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாளே! "நாங்க வருஷக்கணக்கா தொடைக்கிறோம். ஒரு கப்பு கெட்டுதுன்னு யாராச்சும் சொல்லட்டும் பாப்பம்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பயப்படவே இல்லை. "உங்களுக்குக் கம்மியா குடிக்கணும் ஆன்ட்டி, தொடைக்கிறீங்க. அது சரி. எங்களுக்கு வயிறு முட்டக் குடிக்கணும். தண்ணி ஏற்கனவே உள்ள போயி உக்காந்துகிட்டா சாயம் எங்க போவும்?" என்றாள். நீ நடுவில் "அதுவா இருக்காது" என்று முனகினாய். நான் விடவில்லை. "சரி, பாதி தகடு நான் தொடைக்கிறன். பாதிய நீ தொடைக்காம போடு. பாத்துடலாம்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான்தான்.

வேலியோரத்துச் செம்பருத்தியில் ஒரு பூ விடாமல் பறித்து வந்தீர்கள். என் புது எவர்சில்வர் டப்பாவில் ஸ்பிரிட்டை ஊற்றி ஊறவைத்து, வடிகட்டி, ரத்தச் சிவப்பாகச் சாறு எடுத்தாள். அந்த டப்பாவில் நான் இன்றைக்கும் எதையும் வைத்துச் சாப்பிடுவதில்லை. சூளை தணிந்ததும் கயல் கதவருகிலேயே நின்றாள். "சுடச்சுடப் போட்டா ஸ்பிரிட்டு பத்திக்கும், ரொம்ப ஆறிட்டா காத்துல இருக்கிற ஈரமே உள்ள போயிடும்" என்று சொல்லிக்கொண்டு, கை பொறுக்கிற சூடு வந்ததும் பாதித் தகடுகளை இடுக்கியால் எடுத்து நேராகச் சாற்றில் இறக்கி மூடினாள். மீதியை நான் நன்றாக ஆறவிட்டு, நம் வீட்டு மானமே அதில் இருக்கிற மாதிரி, நீ ஒத்துகிற மாதிரியே ஸ்பாஞ்சால் ஒத்தி, இன்னொரு டப்பாவில் போட்டேன். சாயங்காலம் அவள் பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போய்விட்டாள். போகியன்று காலையில் பழம்பாய் எரிகிற புகைக்கு நடுவில் முதல் பஸ்ஸில் திரும்பி வந்து நின்றாள். "அவங்க வூட்ல ஒண்ணும் சொல்லலியா?" என்று உன்னிடம் கேட்டேன். "தகடு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துருக்காம்மா" என்றாய். தகடு!

டப்பாக்களைத் திறந்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியாது. அவள் போட்டது ஒவ்வொன்றும் கத்தரிக்காய் நிறத்தில் கருகருவென்று வந்தது. நான் போட்டது வெளிறிப் போன ரோஸ், நீ மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து நொந்து போன அதே ரோஸ். நீ இரண்டையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாய். யாராவது உன்னைப் பார்த்துச் சிரித்தால் உனக்குப் பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படி. உன் பெரியப்பா ஒரு முறை உன் காக்கி டிராயரைப் பார்த்துச் சிரித்ததற்கு ஒரு பண்டிகை முழுக்க அவர் வீட்டுப் பக்கம் போகாதவன் நீ. கயல் சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "சுத்தமா இருந்தா இந்தக் கதிதான்" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். நீயும் சிரித்தாய்! தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் இவள் நம் வீட்டுக்கு வரப்போகிறவள் என்று முடிவு செய்தேன். நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்வதற்கு எவ்வளவோ முன்னால்.

அப்புறம் மாடியில் நடந்த கூத்து. கரி படிந்த கண்ணாடியை ஒவ்வொரு தகட்டுக்கும் ஜோடி சேர்த்து, நடுவில் அயோடின் சொட்டு விட்டு, கிளிப் மாட்டி, ஒயரால் வரிசையாகக் கோத்து, பேட்டரி எடுத்த கால்குலேட்டரில் இணைத்தீர்கள். முதலில் என்னுடையது. வெயில் அடிக்கிறது, கால்குலேட்டர் செத்துக் கிடக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, வரும்" என்றேன். வரவில்லை. அப்புறம் அவளுடையது. ஒயரை வைத்ததும் பூஜ்யம் ஒன்று கறுப்பாக எழுந்து நின்றது. உன் அப்பா இரண்டையும் இரண்டையும் கூட்டினார். நான்கு வந்தது. ஏதோ காணாத கணக்குக்கு விடை வந்த மாதிரி "நாலு! நாலு!" என்று கீழே அஞ்சலைக்குக் கேட்கக் கத்தினார். செம்பருத்திப் பூவில் கணக்குப் போட்ட முதல் மனுஷன் எஸ்டேட்டில் தான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய மூட்டு வலியெல்லாம் அப்போது எங்கே போனதோ.

அந்த ஒன்றாலேயே எல்லாம் சரியாகிவிடவில்லை என்று எனக்கும் தெரியும். அப்புறம் நீங்கள் லேபில் எவ்வளவு மெல்லிசாகத் தடவுவது, எந்தச் சூட்டில் இறக்குவது, சாயத்தில் எத்தனை சொட்டுப் புளிப்பு சேர்ப்பது என்று மாய்ந்து மாய்ந்து வேலை செய்தீர்கள். கோடை வருவதற்குள் உன் உதவித்தொகை நின்றுவிடும் என்கிற பேச்சு நின்றுவிட்டது. அந்த மெத்தையில் உன் அப்பா படுத்துக்கொள்கிறார்.

இனிமேல் குடித்தனம் நடத்தப் போகிறவன் நீ. அதனால் ஒரு சங்கதி சொல்கிறேன். நான் பெண்ணாடத்துக் கரும்புக்காரர் வீட்டிலிருந்து இங்கே வாழ வந்தவள். எங்கள் வீட்டில் குழம்பு, சாம்பார், கூட்டு எது கொதித்தாலும் இறக்கும்போது ஒரு கட்டி வெல்லம் விழும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படியா, எங்கள் அம்மாவின் கை மட்டும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. கல்யாணமான புதிதில் உன் அப்பாவுக்கு அதே சாம்பாரை மாதக்கணக்கில் ஊற்றினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். ஒரு நாள் கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, வழியில் ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். மனுஷன் சாம்பாரை வாளியோடு வாங்கிக் குடிக்காத குறை. "வூட்ல இப்படிச் சாப்புட்டதே இல்லியே நீங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, "இது இனிக்கல" என்றார். "சொல்லியிருக்கலாம்ல?" "உங்க வூட்டு வழக்கம்னு நெனச்சேன். வழக்கத்தக் கேட்டா கோவம் வரும்ல?" என்றார். வந்திருக்கும், அது வேறு விஷயம். ஆனால் அவர் அத்தனை மாதம் இனிப்புச் சாம்பாரை விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குப் பெருமையாகவா இருக்கிறது? இப்போதும் நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஒரு கரண்டியால் அவர் தலையில் போடலாமா என்றும் வருகிறது.

நீயும் அவளும் அப்படிப் பொறுத்துப் பொறுத்து வாழாதீர்கள். கயலிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவள் ஏன் என்று கேட்ட விதம்தான். மட்டம் தட்டுவதற்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். நீயும் அவளிடம் அப்படிக் கேள். அவள் பண்ருட்டியிலிருந்து எதையெல்லாம் கொண்டு வரப்போகிறாளோ! எல்லாவற்றிலும் முந்திரியைப் போடுவாள், அது ஒன்று நிச்சயம். சிரித்துக்கொண்டே கேள். அவள் உன்னைப் பார்த்துச் சிரித்தால் முறைத்துக்கொண்டு வெளியே போகாதே. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சிரித்தவனாக இரு. உறவுக்காரர்களில் சிலர் கயல் வீட்டார் வேறு ஆட்கள் என்று இழுத்தார்கள். உன் அப்பா பத்திரிகையை நீட்டி, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது, நீங்க வந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எல்லாரும் வருகிறார்கள். பந்தியில் இடம் பிடிக்க முதலில் வரப்போவதே அவர்கள்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

வராதே.

அன்று போனை வைத்த பிறகு உன் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "ஏங்க, தம்பி ஜப்பான வுட்டுட்டு யூனிட்டுக்கு வரேங்கறான். வரட்டுங்களா?" அவர் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்து, வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, "அவன் வந்து எங்க உக்காருவான்? என்னையே நீ சூளப் பக்கம் வுட மாட்டேங்கற" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவருக்கு முடியாமல் போனதிலிருந்து சூளை ஏற்றுவதும் இறக்குவதும் நான்தான் பார்க்கிறேன். பாண்டிச்சேரிக் கடைக்காரர் ஆர்டர் பேச என்னைத்தான் கூப்பிடுகிறார். கிளேஸ் பக்கம் முழுக்க அஞ்சலை பொறுப்பு. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை வருகிற வரைக்கும் சும்மா பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை தம்பி. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் சூளைக் கதவைத் திறந்து, ஒரு ஜாடிகூட வெடிக்காமல் வரிசையாக நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை உனக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆண் பிள்ளை என்றால் ஒரு நாள் திரும்பி வந்து அப்பா இடத்தில் உட்கார வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? யோசித்துப் பார். நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்று புதுக் கட்டில் வாங்கினோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்று நீ தோற்றுப் போய் வர இருந்தாய், வந்தால் படுக்க இடம் வேண்டுமே என்று வாங்கினோம். இன்று நீ ஜெயித்துக்கொண்டு இருக்கிறாய். அதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து எங்களுக்குக் காணிக்கை மாதிரி கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? கயலுக்கும் அங்கே லேபில் இடம் உண்டு என்று நீதான் சொன்னாய். அவளிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்டிருந்தால் இந்தப் பேச்சு என் காது வரைக்கும் வந்திருக்காது.

உன்னைப் பார்க்காமல் இருக்க முடியுமா என்றால், கஷ்டம்தான். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் வாசலைப் பார்ப்பேன். அவ்வளவு தூரத்தில் குளிர் என்கிறார்கள், நீ போர்த்திக்கொண்டு படுக்கிறவன் இல்லை. இதெல்லாம் என் கவலை, இதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. என்னைச் சமாதானப்படுத்துவது உன் உத்தியோகம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் அங்கே ஒரே மேஜையில் நின்று சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

ஆகையால் தம்பி, இந்த யூனிட்டில் உனக்கு வேலை காலி இல்லை. ஜப்பானுக்கு வருகிறோம் என்று முதலில் எழுது. எழுதிவிட்டேன் என்று எனக்கு ஒரு போன் போடு. அதற்குப் பிறகுதான் நீ மணையில் உட்கார வேண்டும். போன் வராவிட்டால் முகூர்த்தத்தன்று நான் சூளை ஏற்றப் போய்விடுவேன். பெற்றவள் இல்லாமல் எப்படித் தாலி கட்டுகிறாய் என்று பார்க்கிறேன்.

அம்மா